வெனிஸில் அதிகம் பேர் பார்க்காததைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிஸில் ஒளித்து வைத்த இடம் என்று எதுவும் கிடையாது. நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர் அது. அப்படியும் பலர் பாதியைப் பார்க்காமல் திரும்புவதற்குக் காரணம் நேரம்தான். காலை பத்து மணி வாக்கில் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். ரியால்டோ பாலம், சான் மார்க்கோ சதுக்கம், இரண்டுக்கும் நடுவிலுள்ள கடைத்தெரு என்று கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துவிட்டு மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு இந்த ஒருநாள் பயணம். இரண்டு இரவாவது ஊருக்குள்ளேயே தங்குங்கள். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் காய்கறிப் படகும் குப்பைப் படகும் கால்வாயில் போய்க்கொண்டிருக்கும்; பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். 2024 முதல் சில குறிப்பிட்ட நாள்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 2025இல் முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் கட்டினால் 10 யூரோ. ஊரில் தங்குகிறவர்கள் கட்ட வேண்டாம். ஆனால் விலக்குக்காக இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தவறு, 'யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்' என்று போனில் சுற்றும் பட்டியலை நம்புவது. புத்தகங்களைப் படிக்கட்டாக அடுக்கிய கடை அந்தப் பட்டியலில் எப்போதும் இருக்கும்; அங்கே படம் எடுக்கவே வரிசை நிற்கிறது. அந்தக் கடை இருக்கிற காஸ்தெல்லோ பகுதியிலேயே ஆர்செனாலே வாசலுக்கு நடந்து போங்கள். வெனிஸ் குடியரசு தன் போர்க்கப்பல்களைக் கட்டிய தளம் அது. வாசலில் சில சிங்கச் சிலைகள் இருக்கின்றன. இடது பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரிய சிங்கம் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் இருந்தது. பிரான்செஸ்கோ மொரோசினி என்ற தளபதி 1687இல் நடந்த போரின்போது கைப்பற்றிக் கொண்டுவந்தது. அதன் தோளை உற்றுப் பாருங்கள். நாடா போல வளைந்து போகும் கோடுகள் மங்கலாகத் தெரியும். பைசாந்தியப் படையில் கூலிக்குச் சேர்ந்திருந்த வடநாட்டு வைக்கிங் வீரர்கள் செதுக்கிய ரூனிக் எழுத்துகள் அவை. கிரேக்கச் சிங்கத்தின் மேல் ஸ்கேண்டிநேவிய எழுத்து, நிற்பது இத்தாலியில்! பார்க்கக் கட்டணமும் கிடையாது.

வெனிஸின் துடுப்புப் படகான கோண்டோலா விஷயத்தில் இரண்டு விதத் தவறு நடக்கிறது. ஏறினால்தான் வெனிஸ் என்று நினைத்து, பகலில் அரை மணிக்கு 90 யூரோ கொடுப்பது ஒன்று. அவ்வளவு முடியாது என்று அந்தப் படகையே கவனிக்காமல் விடுவது மற்றொன்று. டிராகெட்டோ என்ற பெரிய கோண்டோலா கிராண்ட் கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டு யூரோவுக்குக் கொண்டுபோய் விடும். சாந்தா சோஃபியா துறையிலிருந்து ரியால்டோ சந்தைக்குப் போவது நல்ல தடம். சில்லறை கையில் இருக்கட்டும். சில துறைகளில் மதியத்தோடு படகு நின்றுவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம், சான் த்ரோவாசோ பகுதியில் கோண்டோலா கட்டிப் பழுது பார்க்கும் பட்டறை இருக்கிறது. ஸ்குவேரோ என்பார்கள். உள்ளே நுழையப் பார்க்க வேண்டாம், அது வேலை நடக்கிற இடம். எதிர்க்கரையில் நின்றாலே கவிழ்த்து வைத்த படகுகள் நன்றாகத் தெரியும். படகின் இரு பக்கமும் சமமாக இருக்காது. இடப்பக்கம் 24 சென்டிமீட்டர் கூடுதல் அகலம். ஓட்டுகிறவர் பின்னால் நின்று வலப்பக்கத்தில் மட்டும் துடுப்பு போடுகிறார் அல்லவா, படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் நேராகப் போவதற்கு அந்தக் கோணல்தான் உதவுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான இடம் சான் லாசரோ தீவு. ஒருகாலத்தில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த சின்னத் தீவு. 1717இல் மெகித்தார் என்ற ஆர்மேனியத் துறவிக்குக் கிடைத்தது. இன்றும் அங்கே ஆர்மேனிய மடம் நடக்கிறது. கவிஞர் பைரன் 1816இல் ஆர்மேனிய மொழி கற்க இங்கே படகில் வந்து போனார். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் 'அரண்மனைக்காரன் தெரு' இருக்கிறதே, அங்கே அரண்மனை எதுவும் இல்லை; ஆர்மேனியன் தெருதான் வாய்வழக்கில் அப்படி ஆனது. அந்த மதராஸ் ஆர்மேனியர்கள்தான் 1794இல் உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான அஸ்தராரை அச்சிட்டார்கள். அதே மதராஸ் வணிகர்களான சாமுவேல் மூராத், அவருடைய மாமனார் எட்வர்ட் ரஃபேல் இருவரும் விட்டுச்சென்ற பணத்தில் இந்தத் துறவிகள் வெனிஸில் மூராத்-ரஃபேல் பள்ளியைத் தொடங்கினார்கள். பள்ளி இப்போது இல்லை. அது நடந்த செனோபியோ மாளிகை தோர்சோதூரோ பகுதியில் நிற்கிறது.

இந்தத் தீவு விஷயத்தில் செய்யக்கூடாதது, நினைத்த நேரத்தில் படகு ஏறுவது. மடத்தைச் சுற்றிக்காட்டுவதற்கென்று நேரம் உண்டு. முன்பதிவு செய்துவிட்டு, சான் சக்கரியாவிலிருந்து 20ஆம் எண் படகைப் பிடியுங்கள். துறவிகளின் ரோஜா இதழ் ஜாம் கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

ஊருக்குள் திரும்புவோம். சதுக்கங்களில் கல்லால் செதுக்கிய வட்டத் தொட்டி போல ஒன்று இருக்கும். அலங்காரம் என்று நினைத்துப் பையை அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அது கிணற்று வாய். சுற்றிலும் கடல்நீர் இருக்கிற ஊரில் ஒருகாலத்தில் குடிக்க மழைநீர்தான் வழியாக இருந்தது. தரையில் விழும் மழை, கல்லில் உள்ள துளைகள் வழியே இறங்கி, களிமண் பூசிய பெரிய குழியிலுள்ள மணலில் வடிந்து, நடுக்கிணற்றில் சேரும். சதுக்கம் முழுவதுமே ஒரு வடிகட்டி! கிணற்று வாயின் பக்கத்தில் தரையைப் பாருங்கள், அந்தத் துளைக்கற்கள் இன்னும் இருக்கும்.

முகவரியை நம்பித் திணறுவதும் வழக்கமாக நடப்பது. இங்கே கதவு எண் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஊரின் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனி வரிசை, ஆயிரக்கணக்கில் போகும். தங்கும் இடத்துக்காரரிடம் பக்கத்திலுள்ள தேவாலயத்தையும் படகுத்துறையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மீன் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை, முழு மீனுக்கு அல்ல. ஆர்டர் செய்வதற்கு முன்பே எடை போட்டு மொத்த விலையைச் சொல்லச் சொல்லுங்கள். பாக்கரோ என்ற சின்னக் கடைகளில் நின்றபடியே சிக்கெத்தி என்ற சிறு தீனிகள் சாப்பிடலாம். அசைவம் வேண்டாதவர்கள் அவித்த முட்டை, கூனைப்பூ, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி என்று கண்ணாடிப் பெட்டியில் பார்த்துக் கை காட்டலாம். பொல்பெத்தே என்ற உருண்டையை உருளைக்கிழங்கு போண்டா என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் இறைச்சிதான். வாங்கியதைப் பாலத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். வழியை அடைத்தால் அபராதம் போடுவார்கள்.

கடைசியாக, நவம்பர் என்றால் வெள்ளம் என்று பயந்து அந்த மாதத்தையே ஒதுக்குவது. 2019 நவம்பர் 12 அன்று தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறியது உண்மை. ஆனால் 2020 அக்டோபரிலிருந்து பெரிய அலையேற்றத்தின்போது மோசே தடுப்புக் கதவுகள் எழும்பிக் கடலைத் தடுக்கின்றன. நவம்பர் 21 ஊர்க்காரர்களின் திருவிழா. 1630இல் கொள்ளைநோய் ஊரை அழித்தபோது, அது நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். அப்படி எழுந்ததுதான் சாந்தா மரியா தெல்லா சலூத்தே. அந்த நாளுக்கென்றே கிராண்ட் கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாக அதில் நடந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வீடுகளில் புகையிட்ட ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சேர்த்து காஸ்த்ராதீனா என்ற சூப் கொதிக்கும். நீங்களும் அந்தக் கூட்டத்தோடு பாலத்தில் நடக்கலாம். மெழுகுவர்த்தி கோயில் வாசலிலேயே விற்பார்கள்.