கடலோர நகரில் வீடு தேடுமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்து இறங்கியவர்கள் என்னிடம் கேட்பதில் அடிக்கடி வருவது இதுதான்: "எங்கேயாவது இருக்கத்தானே போறோம், கடல் பக்கத்துல ஒரு நல்ல ஊரா சொல்லுங்களேன்." நியாயமான ஆசைதான். வேலை முடிந்து பத்து நிமிடம் அலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக முடிகிற வாழ்க்கையை வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பதினைந்து வருடங்களாக நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளில், நல்ல வெயிலில் பார்த்த ஊரை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஊரின் மிக மோசமான மாதம் எது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போய்ப் பாருங்கள்.

கடலோரம் என்றாலே இதமான தட்பவெப்பம் என்று நினைத்துவிடுகிறோம். எந்தக் கடல், எந்தக் கரை என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். கனடாவிலேயே பாருங்கள். மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவர் ஏறக்குறைய 49 டிகிரி வடக்கில் இருக்கிறது. கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் அதைவிடத் தெற்கே, 47.5 டிகிரியில். அப்படியென்றால் செயின்ட் ஜான்ஸ்தானே கதகதப்பாக இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. வான்கூவருக்கு மேற்கிலிருந்து வீசும் காற்று பசிபிக்கின் மிதமான வெப்பத்தைக் கொண்டுவருகிறது. அங்கே குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழைதான். செயின்ட் ஜான்ஸ் பக்கம் லாப்ரடார் நீரோட்டம் வடக்கிலிருந்து குளிர்ந்த நீரை இறக்குகிறது. வசந்த காலத்தில் கரையில் நின்றபடியே மிதந்து போகும் பனிப்பாறைகளைப் பார்க்கலாம். பார்க்க அழகு. ஆனால் உங்கள் வசந்தம் எவ்வளவு தாமதமாக வரும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

சான் பிரான்சிஸ்கோவும் அப்படித்தான். ஜூலையில் போனால் கோடைக்கு நடுவே மூடுபனி உள்ளே வந்து ஊரையே மூடும், ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. கரையோரம் ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீர்தான் காரணம். அங்கே உண்மையான வெயில் செப்டம்பர், அக்டோபரில்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கோடைப் பிற்பகல்களில் கடலிலிருந்து வீசும் காற்றுக்கு 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு ஆறுதல் அது. நியூசிலாந்தின் வெலிங்டனில் அதே கடல் காற்று வருடம் முழுக்க ஆளைத் தள்ளும். காற்றுக்கும் மழைக்கும் மனது சோர்ந்துபோகிறவரா நீங்கள் என்பதை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது பெரிய விஷயமே இல்லை. முதல் குளிர்காலத்திலேயே உடைந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேலை. இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை. உள்நாட்டு நகரம் ஒன்றில் குடியிருந்தால், ஒரு மணி நேரப் பயண தூரத்துக்கு உங்களைச் சுற்றி முழு வட்டம் இருக்கிறது. எந்தத் திசையிலும் வேலை தேடலாம். கரையில் குடியிருந்தால் அந்த வட்டத்தில் பாதி தண்ணீர். அதனால் மிச்சமுள்ள அரை வட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். துறைமுகம், பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, கடற்படைத் தளம் போன்றவை இருந்தால் வருடம் முழுக்க ஓடும் ஊர் என்று நம்பலாம். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அப்படிப்பட்ட ஊர். சுற்றுலாவை மட்டும் நம்பியிருக்கும் ஊர் என்றால் சீசன் முடிந்ததும் கடைகள் பாதி மூடிவிடும், பேருந்துகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். வாடகை வீடு கிடைப்பதும் அங்கே தனிப் பாடு, ஏனென்றால் வீட்டுக்காரருக்கு உங்களைவிட வாரக்கணக்கில் தங்கும் பயணிகள் லாபம். பார்சிலோனாவில் இந்த நெருக்கடி முற்றி, 2028-க்குள் சுற்றுலா வாடகைக் குடியிருப்புகளின் உரிமங்களையே நிறுத்துவதாக 2024-இல் மாநகராட்சி அறிவித்தது.

கணவன் மனைவி இருவரும் வேலை தேடுகிறீர்கள் என்றால் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள். ஒருவருக்கு வேலை அமைந்து, மற்றவர் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நிலை கடல் காற்றால் சரியாகாது. பெருநகரத்துக்கு ரயில் வசதி உள்ள கடலோர ஊர் நல்ல சமரசம். இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து லண்டன் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

சரி, வீட்டுக்கு வருவோம். நான் முதலில் எடுத்த வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பார்க்கப் போன அன்று எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. படுக்கையறையில் ஒரு மூலை மட்டும் புது வெள்ளையாக இருந்தது. நல்ல காற்றோட்டம் என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த தோல் செருப்பை எடுத்தபோது, அதன் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் பூஞ்சணம். அலமாரியை இழுத்துப் பார்த்தால் சுவர் முழுக்கக் கருப்புப் புள்ளிகள். அந்த மூலைக்கு மட்டும் ஏன் புது வெள்ளை அடித்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. என் மகளின் இருமல் நிற்க, வீடு மாற வேண்டியிருந்தது.

அதனால் வீடு பார்க்கும்போது ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து மூக்கால் பாருங்கள். அலமாரிகளைத் திறந்து உள்ளே முகருங்கள். ஜன்னல் சட்டத்தின் ரப்பர் ஓரங்களைப் பாருங்கள், கருப்பு அங்கேதான் முதலில் வரும். அப்புறம் பால்கனிக்குப் போய்க் கைப்பிடியில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். துரு வழிந்த கோடு இருந்தால் உப்புக்காற்று அந்த வீட்டை நேராகத் தாக்குகிறது என்று அர்த்தம். உங்கள் சைக்கிளும் காரின் அடிப்பாகமும் ஏசியின் வெளிப்பெட்டியும் அதே கதிக்கு ஆளாகும். கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே இது குறையத் தொடங்கும். கடல் தெரியும் ஜன்னலைவிட, கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள வீடே எனக்குப் பிடிக்கும். குடிபோன பிறகு ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது.

வெள்ளம் பற்றி வீட்டுக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். பல நகராட்சிகள் வெள்ள அபாய வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன, முகவரியைப் போட்டுப் பாருங்கள். கடலை மட்டும் பார்த்தால் போதாது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் 2011-இலும் 2022-இலும் மூழ்கியது ஆற்று வெள்ளத்தால். மயாமியில் புயலே வேண்டாம், கடல் மட்டம் வழக்கத்தைவிட உயரும் பெரிய ஓத நாட்களில், இலையுதிர் காலத்தில், வெயில் அடிக்கும்போதே தெருவில் தண்ணீர் நிற்கும். அடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை என்பதால் சுவர் கட்டியும் தடுக்க முடிவதில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், அரசின் திட்டத்தில் எடுத்தால் அதுவும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எடுத்துப் பயனில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் பொருட்களுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கடல். இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும் கரையில், நடுவே ஓரிடம் மட்டும் அலை இல்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். குழந்தையை இறக்க அதுதான் பாதுகாப்பான இடம் என்று தோன்றும். அது இழுப்பு நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் அந்தக் குறுகிய வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளை நட்டிருப்பார்கள். அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். கொடி இல்லாத நாளில் மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.