குழாயில் வரும் காற்று

டியூஷன் சென்டரில் 9-ஆம் வகுப்புக்குத் தமிழ்க் கட்டுரை சொல்லித்தரச் சேர்ந்த முதல் வாரம் படுதோல்வி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பலகையில் சட்டகம் போட்டு விளக்குவேன். 12 பேரும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எழுதச் சொன்னால் நோட்ஸில் இருக்கும் 'நீர் மேலாண்மை' கட்டுரையே 12 நோட்டிலும் வரும். எழுத்துப் பிழைகூட அதே இடத்தில்!

அடுத்த திங்களன்று சட்டகத்தை அழித்துவிட்டேன். "உங்க வீட்டுக்குத் தண்ணி எப்படி வருது? 5 வரி, 10 நிமிஷம்" என்றேன். நானும் உட்கார்ந்து எழுதினேன். சார் பேனாவை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்துத்தான் பசங்களுக்குத் தைரியமே வந்தது என்று நினைக்கிறேன். அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் எழுதியிருந்தான்: "எங்கள் தெருக் குழாயில் முதலில் காற்று வரும். அந்த சத்தம் கேட்டதும் அம்மா குடத்தோடு ஓடுவார்."

அதைச் சத்தமாகப் படித்தேன். "சார், எங்க தெருவுல லாரித் தண்ணி" என்று நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். அந்தக் காற்றே முன்னுரை ஆனது. மீதிச் சட்டகத்தை அப்புறம் அவர்களே நிரப்பினார்கள்.

சிவப்பு மையையும் குறைத்தேன். முன்பு பக்கம் முழுக்கச் சுழிப்பேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழைதான்: ஒரு நாள் ல, ள, ழ; மறுநாள் வல்லினம் மிகும் இடங்கள். அவனுடைய 'அந்த சத்தம்' 'அந்தச் சத்தம்' ஆக ஒரு நாள் காத்திருந்தது.

பரீட்சைக்கு நோட்ஸ் வேண்டும் என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். சரி, கொடுக்கிறேன். வியாழக்கிழமை மட்டும்.