விளையாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே நாய்: இனம் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன வருடம் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். கூடத்தின் நடுவில் 11 மாதப் பார்டர் கோலி ஒன்று சுவரையே வெறித்தபடி நின்றது. ஜன்னல் திரையின் நிழல் சுவரில் விழுந்திருந்தது. ஃபேன் காற்றில் திரை அசைய, நிழலும் அசைந்தது. அசையும்போதெல்லாம் அது தலையைத் தாழ்த்தி, ஒரு முன்காலைத் தூக்கி, சட்டென்று சுவரில் பாய்ந்தது. நான் இருந்த ஒன்றரை மணி நேரமும் அது ஒருமுறைகூடப் படுக்கவில்லை. "அஜிலிட்டி வீடியோ பார்த்துதான் வாங்கினோம். கிரவுண்ட்ல சொன்னதெல்லாம் செய்யுது. வீட்லதான் முடியல" என்றார் நண்பரின் மனைவி.

அந்த நாயிடம் குறை ஒன்றும் இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் நாள் முழுக்க மலையில் ஆடு மடக்குவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. மடக்க ஆடு இல்லாதபோது நிழலை மடக்குகிறது. அன்று வீடு திரும்பும்போதே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நாய் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் மைதானத்தில் நடக்கும் 20 நிமிடத்தை மனதில் வைத்து இனம் தேடுகிறார்கள். மிச்சம் 23 மணி 40 நிமிடமும் அது நம் கூடத்தில்தான் இருக்கப்போகிறது.

படி 1: எந்த விளையாட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அஜிலிட்டி என்பது தடை ஓட்டம். தாண்டும் கம்பி, சுரங்கம், ஏறி இறங்கும் பலகை, 12 குச்சிகளுக்கு இடையே வளைந்து ஓடுவது என்று வரிசையாகத் தடைகள் இருக்கும். நாய் ஓடும், நாமும் கூடவே ஓடிக்கொண்டே வழி காட்ட வேண்டும். 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய் கண்காட்சியில், நிகழ்ச்சிகளின் இடைவேளையில் பார்வையாளர்களுக்குப் பொழுதுபோக்காகக் காட்டப்பட்டது. குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து உருவாக்கியது. இதற்கு வேகத்தோடு சேர்த்து, ஓடும்போதே நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

ஒபீடியன்ஸில் வேகத்தைவிடத் துல்லியம் முக்கியம். பக்கத்திலேயே ஒட்டி நடப்பது, சொன்ன இடத்தில் அசையாமல் இருப்பது, பொருளை எடுத்து வருவது எல்லாம் இதில் வரும். மோப்ப விளையாட்டு என்றால் ஒளித்து வைத்த வாசனையை நாய் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மைதானமே வேண்டாம், நாலு அட்டைப்பெட்டி போதும். மழைக்காலத்துக்கும் வயதான நாய்க்கும் இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. கேனிகிராஸ் என்பது நம் இடுப்பில் கட்டிய கயிற்றோடு நாயும் நாமும் சேர்ந்து ஓடுவது. லூர் கோர்சிங்கில் இயந்திரம் இழுக்கும் போலி முயலை நாய் துரத்தும்.

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்று தோன்றினால் அதுவும் நல்ல பதில்தான். முதல் நாய்க்கு அதுவே போதும்.

படி 2: உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

காலை எத்தனை மணிக்கு எழுவீர்கள்? நாய் தனியாக எத்தனை மணி நேரம் இருக்கும்? வீட்டில் குழந்தை, வயதானவர்கள் இருக்கிறார்களா? மாடியா, தனி வீடா, மதில் எவ்வளவு உயரம்? மனதுக்குள் நினைப்பது போதாது, தாளில் எழுதுங்கள். வாரநாளை எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமையை அல்ல. வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்த நாயோடு பகல் முழுக்க இருக்கப்போவது அவர்கள்தான். கேட்காமல் வாங்கிய நாய்கள் திரும்பப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 3: அந்த இனம் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்று பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அழகு, நிறம், விலை எல்லாம் அப்புறம்.

மேய்ச்சல் இனங்கள் அசையும் எதையும் மடக்கப் பார்க்கும். பார்டர் கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினோய் எல்லாம் இந்த வகை. விளையாட்டில் இவற்றை மிஞ்சுவது கடினம். ஆனால் ஓடும் குழந்தையின் குதிகாலும் பைக் சக்கரமும் இவற்றுக்கு ஆடுதான். மாலினோயை முதல் நாயாக யாருக்கும் நான் சொல்லமாட்டேன். ராணுவமும் போலீஸும் விரும்பும் குணங்கள் அதில் இருக்கின்றன. அந்தக் குணங்களே வீட்டுக்குப் பாரமாகும்.

ரெட்ரீவர்கள், அதாவது லாப்ரடாரும் கோல்டனும், சுட்ட பறவையை எடுத்து வந்து கையில் கொடுக்க வளர்க்கப்பட்டவை. மனிதரோடு சேர்ந்து வேலை செய்வது இவற்றின் சுபாவம், சாப்பாட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளும். வேலை இல்லாதபோது படுத்துக்கொள்ளவும் தெரியும். ஒபீடியன்ஸ், மோப்பம், தொடக்க நிலை அஜிலிட்டி என எல்லாவற்றுக்கும் ஏற்றது லாப்ரடார். சிக்கல் எடைதான். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காதபடி செய்யும் ஒரு மரபணு மாற்றம், ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாரிடம் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டார்கள். நம் ஊரில் அதற்கு மேல் பிஸ்கட், தயிர்சாதம், விருந்தாளி கொடுக்கும் முறுக்கு வேறு. குண்டான லாப்ரடாரைத் தாண்ட வைத்தால் மூட்டுதான் போகும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

பீகிள் மூக்கால் வாழும் நாய். மோப்ப விளையாட்டில் ராஜா. வாசனை கிடைத்துவிட்டால் நம் குரல் அதன் காதில் விழாது. அதன் ஊளை பக்கத்து பிளாக் வரை கேட்கும்.

அப்புறம் நம் வேட்டை நாய்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைப் பார்த்துத் துரத்துபவை. மெலிந்த இடுப்பு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால். லூர் கோர்சிங்குக்கும் கேனிகிராஸுக்கும் பொருத்தமான உடல். நம் வெயிலுக்குப் பழகிய குட்டை ரோமம். வெளியில் மின்னலாக ஓடும் இந்த நாய்கள் போதுமான ஓட்டம் கிடைத்தால் வீட்டுக்குள் சத்தமில்லாமல் மூலையில் சுருண்டு கிடக்கும். பார்வையால் வேட்டையாடும் இனங்கள் பலவற்றுக்கும் உள்ள குணம் இது. ஆனால் பூனையோ ஆடோ ஓடினால், கூப்பிட்டால் திரும்பும் என்று நம்பாதீர்கள். வேலி இல்லாத இடத்தில் பெல்ட்டைக் கழற்றவே கூடாது. அடித்து மிரட்டிப் பழக்கினால் இவை சுருங்கிப் போய்விடும்.

ராஜபாளையம் வேறு மாதிரி. உயரமும் பலமும் உள்ள காவல் குணம் கொண்ட நாய். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இதற்கும் ஒன்று உண்டு. இதன் பால்வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமையும் சேர்ந்து வருகிறது. கேளாத நாயைக் கை சைகையால்தான் பழக்க வேண்டும், அதனால் வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள். கோம்பையும் காவல் நாய்தான். அடிக்கடி ஆட்கள் வந்து போகும் வீட்டுக்கு இரண்டுமே எளிதல்ல.

புதியவர்கள் கண்டுகொள்ளாத ஒரு நாயைச் சொல்கிறேன். நாம் எல்லோரும் பொமரேனியன் என்று கூப்பிடுகிற, உண்மையில் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸான, அந்த வெள்ளை நாய். சுறுசுறுப்பு, கூர்ந்த புத்தி, ஃபிளாட்டுக்கு ஏற்ற உடல். அஜிலிட்டியில் நாயின் உயரத்துக்குத் தக்கபடி கம்பியைத் தாழ்த்தி வைப்பார்கள், அதனால் சிறிய நாய்க்கு எந்த இழப்பும் இல்லை. குரைக்கும், அது உண்மை. சின்ன வயதிலேயே பழக்கினால் குறையும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022-இல் சயன்ஸ் இதழில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே உள்ள குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்றது அது. சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்தில் மட்டும் இனத்தின் பங்கு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். அதாவது இனம் நமக்குத் தெருவைக் காட்டும், வீட்டு எண்ணை நாம்தான் தேட வேண்டும். அதற்குத்தான் 6-ஆம் படி.

படி 4: வெயிலைக் கணக்கில் எடுங்கள்

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு நசுங்கிய பக், புல்டாக் போன்றவற்றுக்கு அந்த மூச்சே சரியாக வராது. இவற்றை ஓட்ட விளையாட்டுக்கு எடுக்கவே வேண்டாம். ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது, மதுரை மே மாதத்தில் அதை ஓட விடுவது கொடுமை. எந்த இனமானாலும் கோடையில் வெயில் ஏறும் முன்பே பயிற்சியை முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

படி 5: பெற்றோரின் உடல்நலச் சான்றுகளைக் கேளுங்கள்

கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) தரும் பதிவுப் பேப்பர் இருந்தால் வம்சாவளி தெரியும், ஆரோக்கியம் தெரியாது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். ஸ்பிட்ஸ் போன்ற சிறிய நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவுகிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

கோலி வகை நாய் வாங்குவோர் ஒன்றை மறக்கவே கூடாது. எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் மருந்தின் அளவு கூடினால் அது மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடலாம். ரஃப் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இரண்டிலும் இது மிக அதிகம், பார்டர் கோலியில் குறைவு. நம் ஊரில் உண்ணிக்கும் சொறிக்கும் அந்த ஊசியைப் போடுவது சாதாரணம். ஊசி போடும் முன் "இது கோலி வகை" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்தே இந்த மரபணுவைச் சோதிக்கலாம்.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 35 நாள் குட்டியைக் கையில் திணித்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

படி 6: தாயைப் பாருங்கள், பிறகு குட்டியைப் பாருங்கள்

"தாய் வேற ஊர்ல இருக்கு" என்றால் அங்கே குட்டி வேண்டாம். என் முதல் குட்டியை அப்படித்தான் வாங்கினேன். தாயைப் பார்க்கவில்லை. பட்டாசுக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுங்கி, வாழ்நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே அது பாதி நாளைக் கழித்தது. போட்டி மைதானத்தின் மைக் சத்தத்துக்கு அதை ஒருநாளும் கூட்டிப் போக முடிந்ததில்லை. அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

இப்போது குட்டி பார்க்கப் போனால் அவசரப்படுவதில்லை. முதலில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன். அது வந்து முகர்ந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானாகப் படுத்துவிட வேண்டும். அந்தப் படுத்துக்கொள்ளும் குணம்தான் நான் தேடுவது.

பிறகு குட்டிகளிடம் வருவேன். ஒரு எவர்சில்வர் தட்டைப் பத்தடி தள்ளிக் கீழே போடுவேன். திடுக்கிடுவதில் தவறில்லை. எவ்வளவு நேரத்தில் மீண்டு வருகிறது என்பதுதான் கணக்கு. போன மாதம் உறவுக்காரர் ஒருவருக்காகப் பார்த்த ஐந்து குட்டிகளில் ஒன்று அசையாமல் உறைந்துவிட்டது, ஒன்று தட்டின் மேலேயே பாய்ந்து கடித்து இழுத்தது. நெற்றியில் வெள்ளைக் கோடு உள்ள ஒன்று இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, மெதுவாக வந்து தட்டை முகர்ந்தது, பிறகு என்னிடம் வந்து செருப்பு வாரைக் கவ்வியது. அதைத்தான் எடுக்கச் சொன்னேன். வெள்ளை நாய்க் குட்டியாக இருந்தால் அது பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும் என்பதால் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

படி 7: நாட்டு நாயை ஒதுக்கிவிடாதீர்கள்

நம் தெருவில் பிறந்த நாய்க்கு அளவான உடலும் நேரான காலும் உண்டு, வெயிலும் ஒத்துப்போகும். வளைந்து திரும்புவதில் அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அஜிலிட்டிக்கு இதைவிடப் பெரிதாக உடலில் எதுவும் தேவையில்லை. சென்னை ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் ஒன்றரை, இரண்டு வயது நாயாகப் பார்த்து எடுத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. குணம் வெளிப்பட்டிருக்கும், ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை போய், வெளியே நடக்கக் கூட்டிச் செல்லுங்கள். துண்டுக் கயிற்றை இழுத்து விளையாடுகிறதா, உங்கள் கையிலிருந்து தின்கிறதா, பைக் போனால் என்ன செய்கிறது என்று பாருங்கள். இன்று ஒரு புதியவர் என்னிடம் கேட்டால் என் முதல் பதில் இதுதான், இரண்டாவது பதில் ஒல்லியான லாப்ரடார்.

குட்டி வீட்டுக்கு வந்த பிறகு

முழு உயரத் தாண்டலுக்கு அவசரப்படாதீர்கள். எலும்பின் வளரும் நுனிகள் மூடப் பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதல். சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ., 18 மாதம் ஆகாத நாயை அஜிலிட்டிப் போட்டியில் சேர்ப்பதே இல்லை. அதுவரை கம்பியைத் தரையில் போட்டுத் தாண்ட விடலாம், அட்டைப்பெட்டிச் சுரங்கம் செய்யலாம், கூப்பிட்டால் ஓடி வரப் பழக்கலாம்.

முதல் நாளே கூடத்தில் ஒரு பழைய பாயை விரியுங்கள். குட்டி தானாக அதில் கால் வைத்தால் ஒரு துணுக்கு வேகவைத்த கோழி. உட்கார்ந்தால் ஒன்று, படுத்தால் இரண்டு. பேசாமல், மெதுவாக, இரண்டு முன்கால்களுக்கு நடுவில் வையுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். நண்பர் வீட்டுப் பார்டர் கோலிக்கும் இதைத்தான் தொடங்கினோம். ஜன்னலுக்குக் கனத்த திரை, காலையில் முக்கால் மணி நேர ஓட்டம், மாலையில் அட்டைப்பெட்டி மோப்பம், பிறகு பாய். நான்கு மாதம் ஆனது. சென்ற வாரம் போனபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அது பாயில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.