எலக்ட்ரான் ராக்கெட்டின் நிறைக் கணக்கு: சறுக்கும் இடங்கள்

ராக்கெட் லேப் நிறுவனம் நியூசிலாந்தின் மாஹியா தீபகற்பத்திலிருந்து ஏவும் எலக்ட்ரான், சிறிய வணிக ராக்கெட்டுகளிலேயே அதிகம் பறந்த ஒன்று. அதனால் அதைப் பற்றிய எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு நிலையும் (தனித்தனியாக எரியும் அடுக்கு) எவ்வளவு நிறை, அதில் எவ்வளவு உந்துபொருள், எவ்வளவு வெற்று நிறை (உந்துபொருள் நீங்கலான நிறை) என்று வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட விரும்புபவர்களுக்கு இது நல்ல பயிற்சிக்களம். எண்கள் தாராளமாகக் கிடைப்பதுதான் சிக்கலுக்கும் காரணம்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, வெவ்வேறு காலத்து எண்களை ஒரே அட்டவணையில் கலப்பது. 2017-இல் முதன்முதலாக ஏவப்பட்ட எலக்ட்ரானும் இன்று பறப்பதும் பெயரளவில்தான் ஒன்று. தொடக்ககால அறிமுகங்களில் ராக்கெட்டின் மொத்த நிறை 10.5 டன். பிற்காலத்தில் 12.5 டன் என்றும், நிறுவனத்தின் பிந்தைய பயனர் கையேட்டில் 13 டன் என்றும் வருகிறது. பரவலாகச் சுற்றிவரும் நிலைவாரி அட்டவணையோ முதல் நிலைக்கு 9,250 கிலோ உந்துபொருள், 950 கிலோ வெற்று நிறை, இரண்டாம் நிலைக்கு அதே வரிசையில் 2,050 கிலோ, 250 கிலோ என்று தருகிறது. இந்த அட்டவணையையும் பழைய 10.5 டன்னையும் ஒருசேர நம்பினால், முதல் நிலை போக மீதிக்கு 300 கிலோதான் மிஞ்சும். இரண்டாம் நிலை, வெப்பக் கவசம், செயற்கைக்கோள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்! இவ்வளவு அப்பட்டமாக முரண்பட்டால் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத முரண்பாடுகள்தான் ஆபத்தானவை.

உந்துவிசை அப்படிப்பட்டது. தரையை விட்டு எழும்போது உந்துவிசை எடையைப்போல் சுமார் 1.3 மடங்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, உந்துவிசையிலிருந்து நிறையைப் பின்னோக்கிக் கணக்கிடுவது வழக்கம். முதல் நிலையின் ஒன்பது ரதர்ஃபோர்ட் எஞ்சின்களும் சேர்ந்து தரையில் தருவதாக முன்பு சொல்லப்பட்ட 162 கிலோநியூட்டனை எடுத்தால் 12.7 டன் கிடைக்கிறது, பொருத்தமாகவே இருக்கிறது. மேம்படுத்தப்பட்ட எஞ்சின்களின் 224 கிலோநியூட்டனை எடுத்தால் 17.6 டன். அப்படி ஒரு எலக்ட்ரான் இல்லை. எஞ்சின் வலுவடைந்த அளவுக்குத் தொட்டி பெரிதாகவில்லை, 1.3 என்ற மடங்கு வெறும் வழக்கம்தான், விதி அல்ல.

தொட்டியின் கொள்ளளவிலிருந்து தொடங்குபவர்கள் வேறிடத்தில் இடறுகிறார்கள். விட்டம் 1.2 மீட்டர், முதல் நிலையின் நீளம் 12.1 மீட்டர். உருளையின் கொள்ளளவு 13.7 கன மீட்டர். திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் சேர்ந்த சராசரி அடர்த்தி கன மீட்டருக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் என்பதால், 14 டன் உந்துபொருள் என்று விடை வரும். அது முழு ராக்கெட்டைவிட அதிகம். 9,250 கிலோவுக்கு உண்மையில் சுமார் 8 மீட்டர் நீளம் போதும். மீதி நீளத்தை எஞ்சின்கள், தொட்டிகளின் குவிந்த மூடிகள், மேலே காலியாக விடப்படும் இடம், இரண்டாம் நிலையின் நீண்ட கூம்புவாயை உள்ளடக்கும் இணைப்பு உருளை ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. சிலர் ஆக்சிஜனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள விகிதம் 2.3-ஆ 2.6-ஆ என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். அதனால் சராசரி அடர்த்தி ஒரு சதவீதம்கூட மாறாது. நீளத்தைத் தவறாக எடுத்தால் விடை ஒன்றரை மடங்காகிவிடும்.

எரியும் நேரத்தை வைத்துச் சரிபார்ப்பது நல்ல வழி, கவனமாகச் செய்தால். உந்துவிசையை ஐ.எஸ்.பி. எண்ணாலும் (எஞ்சினின் சிக்கனத்தைக் காட்டும், நொடியில் சொல்லப்படும் அளவு) 9.81 ஆலும் வகுத்தால் நொடிக்கு எத்தனை கிலோ எரிகிறது என்று தெரியும். பழைய எண்களின்படி முதல் நிலை காற்றில்லா உயரத்தில் 192 கிலோநியூட்டன் (தரையில்தான் 162), 303 நொடி. அதாவது நொடிக்கு 65 கிலோ. 9,250 கிலோ 143 நொடியில் தீரும். ஏவுதலின் நேரலையில் முதல் நிலை அணைவது ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் என்பதால் இது ஒத்துப்போகிறது. இரண்டாம் நிலையில் கதை மாறுகிறது. 25.8 கிலோநியூட்டன், 343 நொடி என்ற இன்றைய எண்களின்படி நொடிக்கு 7.7 கிலோ எரிய வேண்டும். அந்த எஞ்சின் ஆறு நிமிடத்துக்கும் மேல் எரிகிறது. பெருக்கினால் 2.7 டன்னைத் தாண்டுகிறது, அட்டவணையோ 2.05 டன் என்கிறது. ஒன்று அட்டவணை பழையது, அல்லது 25.8 என்பது உச்ச உந்துவிசையே தவிர சராசரி அல்ல. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உச்ச எண்ணை முழு நேரத்துக்கும் நீட்டுவது மிக எளிதில் வரும் பிழை.

இந்த இரண்டாம் நிலையில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். முதல் நிலையின் வெற்று நிறையை 100 கிலோ தவறாக மதிப்பிட்டால், ராக்கெட் எட்டக்கூடிய மொத்த வேகத்தில் நொடிக்கு 60 மீட்டர் அளவுக்கே பிழை வரும். அதே 100 கிலோ இரண்டாம் நிலையில் என்றால் பிழை நொடிக்கு 500 மீட்டரை நெருங்கும். இரண்டாம் நிலையில் கூடும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளிலிருந்து ஒரு கிலோவைக் கழிக்கிறது. ஆனால் பலரும் பெரிய எண்ணாக இருப்பதால் முதல் நிலையையே துருவிக்கொண்டிருப்பார்கள்.

அங்கே இன்னொரு கண்ணி உண்டு. ரதர்ஃபோர்ட் எஞ்சினின் பம்புகளைச் சுழற்றுவது மின்மோட்டார். வேறு எஞ்சின்களில் அந்த வேலையைச் சுடுவாயு செய்கிறது. பாட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது. அதனால் எலக்ட்ரானின் இரண்டாம் நிலை, தீர்ந்த பாட்டரிகள் இரண்டை வழியிலேயே கழற்றிப் போடுகிறது. தொடக்க வெற்று நிறையும் இறுதி வெற்று நிறையும் ஒன்றல்ல. ஒரே எண்ணை வேகத்தைக் கணிக்கும் சமன்பாட்டில் போட்டால் விடை எந்தப் பக்கமாவது சாயும். ஃபால்கன் 9 போன்ற பெரிய ராக்கெட்டின் வெற்று நிறை விகிதத்தைக் கடன்வாங்கி இங்கே ஒட்டுவதும் இதனால்தான் பொருந்துவதில்லை. சென்னையின் அக்னிகுல் நிறுவனமும் மின்மோட்டார் பம்பையே தேர்ந்தெடுத்திருக்கிறது. அதன் அக்னிபான் ராக்கெட்டைக் கணக்கிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அட்டவணையை எடுத்து, செயற்கைக்கோளும் அதைச் சரியான பாதையில் விடும் சிறு மேல்நிலையும் சேர்த்து 300 கிலோ என்று வைத்தால், இரு நிலைகளும் தரும் வேகம் நொடிக்குச் சுமார் 9.1 கிலோமீட்டர். துருவங்களை ஒட்டிய 500 கிலோமீட்டர் உயரப் பாதைக்கு, புவியீர்ப்பு இழப்பையும் காற்றுத் தடையையும் சேர்த்து ஒன்பதரை கிலோமீட்டர் அளவுக்குத் தேவை. பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை ராக்கெட்டில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது.

இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. பற்றிக் கணக்கிடுபவர்கள் வேறொரு பொறியில் விழுவதைப் பார்க்கிறேன். அதன் மூன்று திட எரிபொருள் நிலைகளுக்கும் 87, 7.7, 4.5 டன் என்று தரப்படும் எண்கள் உந்துபொருளின் நிறை மட்டுமே. இஸ்ரோவின் பெரிய ராக்கெட் நிலைகளுக்கு வைக்கும் எஸ்200, எல்110 போன்ற பெயர்களில் வரும் எண்ணும் அப்படித்தான். எஸ்.எஸ்.எல்.வி.யின் எண்களை முழு நிலையின் நிறை என்று எடுத்தால் கூட்டுத்தொகை 99 டன். ஏவும்போதைய நிறையோ 120 டன். விடுபடும் 20 டன்னில் பெரும்பகுதி எஞ்சின் உறைகளும் கூம்புவாய்களும் இணைப்பு உருளைகளும்தான்.