நைட்ரிலேஸ் துகள்கள் ஏன் செத்துப்போயின: என் அனுபவம்

ஒட்டவைக்கத் தாங்கி எதுவும் இல்லாமல், நொதியை அம்மோனியம் சல்பேட் உப்பில் வீழ்படிவாக்கி, குளுடரால்டிஹைடு என்ற இணைப்பு வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்துத் துகளாக்கும் முறை தெரிந்ததுதான். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் வேதியியலாளர் ஷெல்டனின் குழு 2000-இல் பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதிக்குச் செய்தது. நைட்ரைல் சேர்மங்களை அமிலமாக மாற்றும் நொதியான நைட்ரிலேஸில் செய்தால் உறுதியான அழகான துகள்கள் கிடைத்தன, ஆனால் அவை பென்சாயிக் அமிலமாக மாற்ற வேண்டிய பென்சோநைட்ரைலைத் தொடவே இல்லை. வடிநீரிலும் செயல்பாடு இல்லை, அதாவது நொதி கழுவிப்போகவில்லை.

குளுடரால்டிஹைடைக் குறைத்தேன், கழுவும்போது புரதம் ஒழுகியது. குளிரில் வைத்துப் பிணைத்தேன், பலன் இல்லை. பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) சேர்த்ததில் துகள் இன்னும் உறுதியானதுதான் மிச்சம்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. இந்த நொதி அம்மோனியாவை வெளிவிடும் என்பதால் அம்மோனியாவுக்கான நீல நிறச் சோதனையில் அளந்தால் செத்த துகளும் அபாரமாக வேலை செய்வதாகக் காட்டும், ஏனென்றால் துகளுக்குள் மாட்டிக்கொண்ட அம்மோனியம் சல்பேட்டும் நீலம் தரும். பென்சோநைட்ரைல் சேர்க்காத குழாயையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அப்புறம் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பென்சாயிக் அமிலத்தையே அளந்தேன்.

பிணைக்கும் முன் வீழ்படிவைத் தாங்கல் கரைசலில் (பஃபரில்) திரும்பக் கரைத்துப் பார்த்தேன், செயல்பாடு அப்படியே இருந்தது. சரி, கொல்வது குளுடரால்டிஹைடுதான். சின்ன மூலக்கூறு, வினைமையம் வரை போய்விடுகிறது.

டெக்ஸ்ட்ரான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியை சோடியம் பெர்அயோடேட்டால் ஆக்சிஜனேற்றி, டயாலிசிஸ் பையில் நீரைப் பலமுறை மாற்றிச் சுத்தம் செய்து, அந்தப் பாலிஆல்டிஹைடால் பிணைத்தேன். அது பெரிய மூலக்கூறு, உள்ளே நுழையாது. துகள் கொஞ்சம் தளர்வாகத்தான் வந்தது, ஆனால் வேலை செய்தது. மையவிலக்கை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். வேகமாகச் சுற்றினால் இறுகிக் கட்டியாகி, பென்சோநைட்ரைல் உள்ளே போகாது.