16 எம்பி ஃபிளாஷில் லினக்ஸை அடக்குவது

16 எம்பி ஃபிளாஷ் சேமிப்பகம் மட்டுமே உள்ள சிறிய கணினிப் பலகைக்காக, மேசைக்கணினிக்கான லினக்ஸ் விநியோகம் ஒன்றை எடுத்து, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச் சிறிதாக்க முயல்வது வீண் வேலை. வெறுமையிலிருந்து தொடங்கி, தேவையானதை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதுதான் எளிது. பில்ட்ரூட் இதற்கு ஏற்ற கருவி. அதில் முதலில் செயலியின் வகையையும், நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகமாக அளவில் சிறிய மஸ்லையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல். 'மேக் டைனிகான்ஃபிக்' என்ற கட்டளை ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிடும். அப்படிக் கட்டிய கெர்னலைப் பலகையில் ஏற்றினால், சீரியல் இணைப்பு வழியாகப் பலகையின் செய்திகளைக் காட்டும் திரையில் ஓர் எழுத்துகூட வராது; பலகை பழுதென்று நினைத்துவிட வேண்டாம், செய்தி அச்சிடும் பிரின்ட்கேவும் முனையத்தைக் கையாளும் டிடிஒய் வசதியும் அணைந்திருப்பதே காரணம். அவ்விரண்டோடு சீரியல் டிரைவரையும், லினக்ஸில் வழக்கமான எல்ஃப் வகை நிரல்களை இயக்கும் வசதியையும் முதலில் திருப்பிச் சேர்த்துவிட்டு, பிறகு சேமிப்பகம், வலையமைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிப்பது நல்லது.

கட்டளைகளுக்கு பிஸிபாக்ஸ் போதும். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் நிறுவல் நெகிழ்வட்டில் அடங்க வேண்டும் என்பதற்காக புரூஸ் பெரென்ஸ் 1995-இல் தொடங்கிய இந்நிரலில் எல்எஸ், கிரெப், விஐ போன்ற கட்டளைகள் எல்லாம் ஒரே கோப்பின் வெவ்வேறு பெயர்களே.

இயங்குதளத்தின் கோப்புகள் எல்லாம் அடங்கும் மூலக் (ரூட்) கோப்பு முறைமையை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வடிவில் சுருக்கி, படிக்க மட்டுமே முடிவதாக வைத்தால், மின்சாரம் திடீரென்று போனாலும் அது சிதையாது. மாறும் அமைப்புகளுக்கு மட்டும் ஃபிளாஷில் தனிப் பகுதி ஒதுக்கி, ஒரு கோப்பு முறைமையின் மேல் இன்னொன்றை அடுக்கும் ஓவர்லேஎஃப்எஸ் வழியாக மேலே பொருத்தலாம். பதிவுக் கோப்புகளை ஃபிளாஷில் எழுதித் தேய்க்காமல் டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது நினைவகத்திலேயே, வைத்துக்கொள்ள வேண்டும்.