அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி உருப்படியாகச் சண்டை போடுவது எப்படி

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்கக் கிழக்குக்கரையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும் என்எஃப்எல் (அங்கத்திய தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆட்டம் நமக்கு ராத்திரி 10.30-க்கு வரும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றி வைத்த பிறகு 11.30. அந்த லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் திங்கள் காலை 5 மணிக்கு, அதாவது குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர் கத்தியோடு தோட்டத்தில் நிற்கிற நேரத்துக்கு. ஆகவே மார்த்தாண்டத்தில் உங்களோடு மல்லுக்கு நிற்கப்போகிற ஆள் முழு ஆட்டத்தையும் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. பஸ்ஸில் வரும்போது பத்து நிமிஷ ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வந்திருப்பான். அவன் வாயைத் திறந்ததும் "எந்த பிளே-யச் சொல்லுதே மக்கா?" என்று கேளுங்கள் (பந்தோடு முன்னேறப் பார்க்கிற ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே). பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

கோச்சைத் திட்டுவதுதான் எல்லாருக்கும் பிடித்த வேலை. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் பந்தோடு வளர்ந்தவர்களுக்கு கோச் என்றால் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்துகிறவர். இங்கே விஷயம் வேறு. ஒவ்வொரு பிளேக்கும் என்ன செய்வது என்று தாக்கும் அணியை நடத்திப் பந்தை வீசுகிற குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கிற ஸ்பீக்கரிலேயே சொல்லிவிடுகிறார்கள், அடுத்த பிளேயைத் தொடங்கக் கொடுக்கிற நேரத்தைக் காட்டும் பிளே கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டாகிவிடும். அதன் பிறகு எதிரணி இடம் மாறி நின்றால் சமாளிக்க வேண்டியது பையன்தான். எனவே ஒரு பிளே சொதப்பினால், சொன்னது தப்பா, செய்தது தப்பா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முடிவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், முடிவெடுத்த அந்த நொடியில் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இதற்கு நல்ல உதாரணம். பேட்ரியட்ஸ் 28, சீஹாக்ஸ் 24. சீஹாக்ஸுக்கு இன்னும் ஒரே ஒரு யார்டு போனால் டச்டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கிற புள்ளி), இரண்டாவது டவுன் (நான்கு வாய்ப்பில் இரண்டாவது), ஆட்டக் கடிகாரத்தில் 26 நொடி, கடிகாரத்தை நிறுத்த மிச்சம் ஒரே ஒரு டைம்அவுட். மார்ஷான் லிஞ்ச் மாதிரி முட்டித் தள்ளிப் போகிற ஆளை வைத்துக்கொண்டு சீஹாக்ஸ் கோச் பீட் கேரல் பாஸ் போடச் சொல்ல, பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது. "பைத்தியக்காரன்லே, லிஞ்ச்சிட்ட குடுக்க வேண்டியதுதானே" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். லிஞ்ச் ஓடி நின்றுபோனால் இருந்த டைம்அவுட்டும் காலி, மறுபடி ஓடியும் நின்றுபோனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், நான்காவது டவுனுக்கு நேரம் கிடைப்பதே சந்தேகம். பாஸ் பிடிபடாமல் கீழே விழுந்தால் கடிகாரம் தானாக நிற்கும், மூன்று வாய்ப்பையும் பயன்படுத்தலாம். ஆக, பாஸ் போட நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆள் நெருக்கத்துக்கு நடுவே போகிற அந்தக் குறுக்குப் பாஸைத் தேர்ந்தெடுத்ததை வேண்டுமானால் கேள்வி கேளுங்கள், நான் உங்கள் பக்கம். இப்படிப் பிரித்துப் பேசினால் எதிராளிக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை சாயா குடிக்கலாம்.

குவாட்டர்பேக் விவாதத்தில் "எத்தனை சூப்பர் பவுல் ஜெயிச்சான்?" என்கிற கேள்வி கட்டாயம் வரும். கையில் இரண்டு பெயர் வைத்திருங்கள். டான் மரினோ 1984-ல் 5,084 யார்டு, 48 டச்டவுன் பாஸ். கடைசிவரை ஒரு சூப்பர் பவுலும் இல்லை. ட்ரெண்ட் டில்ஃபர் 2001 ஜனவரியில் ரேவன்ஸோடு கோப்பை தூக்கினார், அந்த அணியின் டிஃபென்ஸ் அப்படி. அடுத்த சீசனுக்கு அவரையே அணி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரையும் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பாருங்கள்.

குவாட்டர்பேக்குக்கு மதிப்பெண் போடுகிற பாஸர் ரேட்டிங்கை நீட்டுகிறவர்களும் உண்டு. அதன் உச்சம் 158.3, அது வீசிய பாஸை மட்டுமே கணக்கில் எடுக்கும். பந்தோடு ஓடியதும், பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று அடிவாங்கி விழுந்ததும் அதில் வராது. இன்டர்செப்ஷன் (வீசிய பாஸை எதிரணி பறிப்பது) என்றால் ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: பாஸைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர் கையில் பட்டுத் தெறித்ததா, வீசும்போதே ஒருவன் கையைத் தட்டினானா, ரிசீவர் வேறு பக்கம் திரும்பிவிட்டானா? டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகும், தூரத்தில் யார் தனியாக நின்றான் என்பது தெரியாது. மைதானத்தில் 22 பேரும் தெரிகிற மேல்கோணக் காட்சி பார்க்காமல் "ஆள் காலியா நின்னான், இவன் பாக்கல" என்று சத்தியம் பண்ணாதீர்கள்.

பாதுகாப்பு விதிகள்தான் சூடு கிளப்புகிற பகுதி. "தொட்டாலே ஃபவுல், இது என்ன ஃபுட்பாலா" என்று ஆரம்பிப்பார்கள். கோபப்படாமல், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யார் அடிபட்டார் என்று சொல்லுங்கள். 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்காலில் அடி, அத்தோடு அவருக்கு அந்த சீசன் முடிந்தது. தரையில் கிடக்கிற டிஃபென்டர் குவாட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாயக்கூடாது என்று 2009-ல் தெளிவாக்கினார்கள். 2017-ல் வைக்கிங்ஸ் வீரர் மேலே விழுந்ததில் பேக்கர்ஸ் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்குக் காரை எலும்பு முறிந்தது. முழு உடம்புப் பாரத்தோடு குவாட்டர்பேக் மேல் விழுவதை 2018-ல் கறாராகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அந்த சீசனின் இரண்டாவது வாரமே ராட்ஜர்ஸின் சொந்த அணிக்காரர் கிளே மேத்யூஸ், அதே வைக்கிங்ஸுக்கு எதிராக, அதே வகை விதியில் மாட்டினார். பேக்கர்ஸ் பறித்த இன்டர்செப்ஷன் போயிற்று, ஆட்டம் 29-29 என்று டிராவில் முடிந்தது. விதியை எதிர்க்கிறவருக்கும் ஆதரிக்கிறவருக்கும் இந்த ஒரு கதை போதும். என்னைக் கேட்டால் விதி சரி, அன்றைய விசில் அதிகம்.

தலை அடி விஷயத்தில் மட்டும் கேலி வேண்டாம். 2022 செப்டம்பர் 25-ல் மயாமி குவாட்டர்பேக் டுவா டகோவைலோவா கீழே விழுந்து, எழும்பி, தலையை உதறி, இரண்டடி வைத்துத் தள்ளாடினார். முதுகுவலி என்று சொல்லித் திரும்ப ஆட விட்டார்கள். நான்கே நாளில் சின்சினாட்டியில் இன்னொரு அடி, விரல்கள் விறைத்துப்போய்க் கிடந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். அக்டோபரில் விதி மாறியது: அப்படித் தள்ளாட்டம் கண்டால், காரணம் எதுவாகச் சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை. நம்ம கடற்கரையில் தலை முட்டி விழுந்தவன் முகத்தில் தண்ணீர் அடித்து "ஒண்ணுமில்ல மக்கா, எழும்பு" என்று உள்ளே தள்ளுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அமெரிக்கக்காரன் விதியைப் பற்றிச் சண்டை போடுகிற நேரத்தில் இதையும் ஒரு வார்த்தை பேசலாம்.

பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் பெயரை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். 2023 ஜனவரி 2-ல் அவர் இதயம் நின்றது சாதாரண டேக்கிளில் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது), ஃபவுலே இல்லை. அவரைக் காப்பாற்றியது மைதானத்திலேயே உடனே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்த மருத்துவக் குழு. அடுத்த சீசனில் திரும்பி வந்து ஆடினார்.

இனி 2024-ல் தடை வந்த ஹிப்-டிராப் டேக்கிள் (பிடித்து, இடுப்பை எதிராளி காலின் மேல் போட்டு வீழ்த்துவது), மாற்றி அமைத்த கிக்ஆஃப் இதெல்லாம் இருக்கிறது, அதற்குத் தனி ராத்திரி வேண்டும். ஒரே ஒரு நாகரிகம்: காலை ஆட்டத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போனவன் சாயங்காலம் ரெக்கார்டிங் பார்ப்பான். அவன் வடசேரி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் ஸ்கோரைச் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சண்டைக்கு எந்தக் கணக்கும் உதவாது.